ரிம்மின் உள்பக்கம்

என்னங்க,

நேற்று ஆயர் ஈத்தாமில் இரண்டு மண்தொட்டி வாங்கிக்கொண்டு ஹைவேயில் ஏறினேன். எழுபது வரைக்கும் உங்கள் ஃபோர்வீல் ஒழுங்காகத்தான் வந்தது. தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பின்னால் தொட்டிகள் கடகடவென்று மோதிக்கொண்டன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மறுபடியும் காஹாங் காட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பைதான் இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு தீபாவளி கடந்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இப்போது சொல்கிறேன்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, இனிக் காட்டுப் பக்கமே போகக் கூடாது, சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சாமி படத்துக்கு முன்னால் நின்று எனக்குச் சத்தியம் செய்தீர்கள். ஆனால் அந்த முரட்டுச் சேற்று டயர்களைக் கழற்றவில்லையே! அங்கேயே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை வந்தால் குளுவாங்கில் கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்வீர்கள். சாயங்காலம் வண்டி பளபளவென்று திரும்பும். டவுனுக்குப் போய் வந்த வண்டியை எதற்குக் கழுவ வேண்டும்? நான் வாயைத் திறக்க மாட்டேன். மறுநாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினால் தொண்ணூறில் நடுக்கம் வரும். நீங்கள் உடனே பாடம் நடத்துவீர்கள். "தூக்கிக் கட்டுன வண்டி லா. இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் கோணம் மாறிடுச்சு. அப்படித்தான் இருக்கும்."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள் என்பேன். நான் வேகத்துக்குப் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு எடுப்பீர்கள். ஷாஃப்ட் கோளாறென்றால் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி இருக்க வேண்டும். இதுவோ இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடும். அப்படியானால் சக்கரம்தான். செனாய் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக மின்விசிறி மோட்டார் சோதித்தவள் நான். ஒரு பக்கம் துளி எடை கூடிவிட்டால் சுற்றுகிற எதுவும் ஆடும் என்பது எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை நீங்கள் குளிக்கப் போனதும் சக்கரத்துக்குள் கையை விட்டுத் தடவுவேன். ரிம்மின் உள்பக்கத்தில் காஹாங் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் காய்ந்து அப்பிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவீர்கள், உள்பக்கம் உங்களுக்கு ஞாபகமே வராது. நான் ஸ்குரூ டிரைவரால் பெயர்த்தெடுத்துச் செம்பருத்தித் தொட்டியில் போட்டுவிடுவேன். அப்புறம் வண்டி ஆடாது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்று நீங்கள் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிடும்.

ராத்திரி சாப்பாடு போடும்போது, "காஹாங்ல மழையா?" என்று மட்டும் கேட்பேன். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! கூட வந்த கூட்டாளிதான் போட்டுக் கொடுத்தார் என்று அவரோடு பேச்சையே நிறுத்தினீர்கள். உங்கள் காரியத்தன்று அவர் என்னிடம் வந்து, "நான் ஒரு வார்த்த சொன்னதில்லக்கா" என்று அழுதார், பாவம்.

எனக்கென்ன, வேவு பார்க்க ஆசையா? அந்தத் தோட்டத்துக்குள் போன் லைன் கிடைக்காது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழுந்தால் யார் வருவார்கள் என்று பயந்து பயந்து செத்தேன். கடைசியில் நீங்கள் போனது நம் வீட்டு ஹாலில், டீ ஆறுவதற்குள். எல்லோரும் போன பிறகு ரிம்மைத் தடவிப் பார்த்தேன். மண்ணே இல்லை. அந்த வாரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று வீடு வந்ததும் தொட்டிகளை இறக்காமல் சக்கரத்துக்குள்தான் கையை விட்டேன். செம்மண்! சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் உங்கள் மகள், சனிக்கிழமை ஜேபி டவுனில் துணி வாங்கப் போவதாகச் சொல்லித்தான் வண்டியை எடுத்துப் போனாள். கழுவியும் வைத்திருந்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சாப்பாடு போடும்போது கேட்டேன். "காஹாங்ல மழையா?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அச்சு அசல் உங்கள் முகம்.

"அப்பா போற வழிய ஒரு தடவ பாக்கணும்னு தோணுச்சும்மா" என்றாள். கொஞ்ச நேரம் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள். அப்புறம் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குளுவாங் மாமா சொன்னாரா?"

நான் ரசத்தை ஊற்றினேன். எப்படி என்று சொன்னால் அடுத்த முறை உள்பக்கத்தையும் கழுவிவிடுவாள்.