கதவைப் பூட்டினனியோ?

மெல்பேர்ன்

அன்புள்ள அப்பாவுக்கு,

சல்லி அம்மன் துணையில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

எங்கள் சைக்கடெலிக் பொப் இசைக்குழு புதுச் சத்தத்துக்கு மாறிவிட்டது. என் ட்ரம்ஸ் இனி வேண்டாமாம். நல்லதுதான், தோளுக்கு ஓய்வு. அதற்குப் பதிலாக, சாகமுன் அம்மா எனக்குப் போனில் அனுப்பிய "கதவைப் பூட்டினனியோ மகன்?" என்ற குரலை நீட்டி, எதிரொலி சேர்த்துப் பாட்டாக்கியிருக்கிறோம். மேடையில் அதற்குப் பொத்தானை அழுத்துவதுதான் என் வேலை. சனம் அர்த்தம் தெரியாமல் ஆடுகிறது. நான் மட்டும் மெல்ல, "ஓம் அம்மா, பூட்டினனான்" என்பேன்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். என் போன் பழுதாகி, அம்மா அனுப்பிய அந்த மூலப் பதிவு அழிந்துவிட்டது. அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, அதில் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எதிரொலி சேராத அவவின் குரல் எனக்கு மறந்துகொண்டு போகிறது.

உங்கள் மகன்,
ரிஷிகேசன்