லோரெய்ன் பார்க்காத ஆட்டம்

அன்பு மகள் மார்னிக்கு அப்பா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடவில்லை. அலாஸ்காக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மழுப்பினேன். அது பொய். இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர முடிகிறது, பொறுத்துக்கொள்.

இங்கே மார்ச் பிறந்தும் பனி கரையவில்லை. வெர்னா அத்தை வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுவலுக்குக் கூப்பிடுகிறாள், போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், ருசி ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் கோட்டுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், எடுத்துக்கொள் என்றேன், எடுத்துப் போனாள். அலமாரி காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் எப்போது அழுவேன் என்று எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடக்கிறது.

டிசம்பரில் அம்மா போனதிலிருந்து நான் பாலத்தடிக் காபிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கையை ஓங்கி எதையோ எறிவது போல் காட்டிக்கொண்டிருப்பவன் சட்டென்று கையை இறக்கித் தலையைச் சொறிவான். துக்கக்காரனுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டானிகா எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே, "சார், நம்ம ஹாலண்ட் அன்னிக்கு இடது கையால எறிஞ்சானே, பாத்தீங்கல்ல? இப்ப நெனச்சாலும் எனக்குப் புல்லரிக்குது" என்றாள். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், "அடிப்பாவி, வாயை மூடு! ஆர்வின் இன்னும் அந்த ஆட்டத்தப் பாக்கல!" என்று. என்னோடு வேலை பார்த்த ஹர்லன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டான். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப்போனது.

நீ வளர்ந்ததே அப்படித்தானே. சீஸ் ஆலையில் எனக்கு ஞாயிறு ஷிப்ட், நான் வரும்வரை அம்மா டிவியில் ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்க்காமல் பதிவு செய்து வைப்பாள், நாலு மணிக்கு சூப் கிண்ணத்தோடு முதலிலிருந்து ஓடவிடுவோம். வேலையை விட்ட பிறகும் அந்த நாலு மணி மாறவில்லை. என் வண்டியைக் கண்டால் பெட்ரோல் போடுகிற இடத்தில் ரேடியோவை நிறுத்துவார்கள். தோற்ற நாளில் முகத்தை மறைக்கத் தெரியாத நம் பாதிரியார் என்னைப் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். ஆனால் மூன்று மாதம், மார்னி. நாடே பேசிய ஒரு எறிதலை ஒரு ஊரே எனக்காக வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறது. டிவி போட மனமில்லாமல் கிடந்ததால் எனக்கும் தெரியவில்லை.

பரவாயில்லை, சொல்லு என்றேன் ஹர்லனிடம். நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு ஆரம்பித்தான் பார், அவனைப் பிடிக்கவே முடியவில்லை. மேஜையில் இருந்த கெச்சப் பாட்டில்தான் பந்தை எறிகிற நம் குவார்ட்டர்பேக் ஹாலண்ட், அதன் இடுப்பில் தொங்கும் எதிரணித் தடியன்கள் இரண்டு பேர் உப்பு டப்பாவும் மிளகு டப்பாவும். "முட்டி தரையத் தொட்டா எல்லாம் போச்சு, ஒரு விரக்கட தான் பாக்கி. வலது கைய ஒருத்தன் முறுக்கிட்டான். பய என்ன பண்ணான் தெரியுமா? பந்த இடது கைக்கு மாத்தி, பாக்காமலே மூலைக்கு வீசினான்யா! அவன் ஆத்தா கூட அந்தக் கைய நம்பியிருக்க மாட்டா!" என்று கத்தினான். மூலையில் ஓடிய பையன் கோட்டுக்குள் கால் நுனியை ஊன்றிப் பிடித்துவிட்டானாம், நாம் ஜெயித்துவிட்டோமாம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது மணி என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டேன். மூணு அடிக்க அஞ்சு நிமிஷம் என்றான்.

ஆட்டம் நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து டிவி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வீட்டில் பதிவாகிறது, லோரெய்னோடு சேர்ந்து பார்ப்பேன் என்றேன். இனி வீட்டுக்கு வர மாட்டாள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார், ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த மாடி முழுக்க ஒரே கத்தல், அறைக்கு அறை. ஆஸ்பத்திரியில் இப்படியா கத்துவார்கள் என்று எனக்கு ஆத்திரம். காலையிலிருந்து கண் திறக்காத அம்மா திறந்தாள். லேசாகச் சிரித்தாள். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லிடாத ஆர்வின்" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

உன் பெயர் வரவில்லை, மார்னி. நீ அப்போது விமானத்தில் வந்துகொண்டிருந்தாய். உன்னைக் கேட்டாள் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை. கடைசிப் பேச்சு பந்தாட்டத்தைப் பற்றி என்றால் நீ எப்படித் தாங்குவாய் என்று பயந்தேன். என்னை மன்னித்துவிடு. இப்போது அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் அவளை விட்டுவிட்டு நான் தெரிந்துகொண்ட ஆட்டம் இது ஒன்றுதான். கடைக்கு வெளியே வண்டியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு வந்தேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், நீ நீடூழி நன்றாக இரு. கார் டயரில் காற்றுப் பார், கால் நனைந்தால் உடனே காலுறையை மாற்று. இன்னொன்று. நீயும் அந்த ஆட்டத்தைப் பார்க்காமல் வைத்திருக்கிறாய் என்று ஹர்லன் சொன்னான். முடிவை நான் மேலே உளறிவிட்டேன், ஆனாலும் பார்த்துவிடு, கண்ணு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன் அப்பா,
ஆர்வின் டோப்ஷ்