தருமன் வேண்டாம் என்ற பேஸ்ட்

அடியும் முடியும் அறியவொண்ணாத அண்ணாமலையார் திருவடி துணை. உண்ணாமுலை அம்மன் அருள் முன்னிற்க.

திருவண்ணாமலை
9-8-1994

மஸ்கட்டில் இருக்கும் சிரஞ்சீவி பரசுராமனுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் மனைவி சந்திரகலாவும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு மேற்பல் இரண்டு முளைத்திருக்கின்றன. செங்கம் சாலைக் கடைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது.

உன் கடிதம் திங்களன்று வந்தது. இன்ஜின் ஜாம் ஆகும்படி வேலை செய்த மெக்கானிக் தருமன் இனி நம் கடையில் இருக்கக் கூடாது, மாதக் கடைசியோடு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அவனை வைத்தவன் நீ. அனுப்பும் உரிமையும் உனக்குண்டு. ஆயினும் நடந்ததை நான் உனக்கு முழுவதும் எழுதவில்லை.

கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் தம் மோட்டார் சைக்கிளில் ஆயில் கசிகிறதென்று கொண்டுவந்தார். தருமன் இன்ஜினின் பக்க மூடியைக் கழற்றிப் புதிதாகக் காகித கேஸ்கட் வைத்தான். அத்தனை மெல்லிய தாள் ஆயிலை எங்ஙனம் நிறுத்தும் என்று எனக்கு ஐயம். நம் தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தில் அஷ்டபந்தன மருந்து இடித்தவன் நான். சுவாமிக்கும் பீடத்துக்கும் நடுவே அதைச் சந்தில்லாமல் அடைத்தால்தான் அபிஷேக நீர் உள்ளே இறங்காது. குறைத்து இடுவது குற்றம். அந்த நினைவில் அலமாரியிலிருந்த கேஸ்கட் பேஸ்டை எடுத்து, இதையும் பூசு என்றேன். "வேணாங்கய்யா, இந்த மூடிக்கு கேஸ்கட்டே போதும். பேஸ்ட் ஜாஸ்தியானா உள்ள பிதுங்கி ஆயில் ஓட்டைய அடைச்சிக்கும்" என்றான். நான் கேட்கவில்லை. நானே விரலால் வழித்து இருபுறமும் அப்பினேன். "சாமிக்கே பூசின கை, நான் என்னாத்த சொல்றது" என்று சிரித்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினான்.

நான்காம் நாள் அடி அண்ணாமலை அருகே, ஓட்டத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. விழுந்ததில் ஆதிமூலத்துக்கு வலக்கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தபோது ஆயில் ஓட்டையில் புழுப்போல ஒரு துண்டுப் பேஸ்ட் இருந்தது. ஆதிமூலத்தின் மைத்துனர் கருப்பன், "எந்தக் கபோதிடா இத பூசினது? செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாப்பல அப்பி வெச்சிருக்கான்" என்றார். தருமன் என் பக்கம் திரும்பவில்லை. "நான்தாங்க" என்றான். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

பிரமனுக்காகத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்ன வரலாற்றைப் பிரதோஷந்தோறும் கோயிலில் விரித்துரைப்பவன் நான். அந்தப் பூ பூசைக்கு ஆகாது போயிற்று. பிரமனுக்கும் கோயில் இல்லாது போயிற்று. இங்கோ தண்டனை சாட்சி சொன்னவனுக்கு மட்டும். சென்ற பிரதோஷத்தில் அந்த இடம் வந்ததும், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆதிமூலத்தைக் காண மூன்று முறை பஸ் ஏறினேன். இருமுறை நிறுத்தத்திலிருந்தே திரும்பினேன். மூன்றாம் முறை வீட்டினுள் போனேன். கட்டுப்போட்ட காலோடு எழ முயன்று, "அய்யா வந்துக்கிறாரு, நாற்காலி போடு" என்று மனைவியிடம் சொன்னார். திருநீறு கேட்டார். நெற்றியில் இட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைத் தருமனிடம் காட்டினேன். அப்போதாவது என்னைக் குற்றம் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "உடுங்கய்யா, வேற கடை பாத்துக்கறேன்" என்றான். கருப்பன் பேச்சால் இவ்வூரில் எவரும் அவனைச் சேர்ப்பதாக இல்லை. நீ இங்கேயே இரு என்றேன். "மொதலாளி வேணாம்னப்புறம் எப்பிடிங்க இருக்கறது" என்கிறான்.

தொழில் தெரிந்தவன் நீ. கேஸ்கட்டோடு பேஸ்டும் பூசலாமா, கூடாதா? சில மூடிகளுக்குப் பூசலாம் என்று நீ எழுதிவிட மாட்டாயா என்று ஒரு நப்பாசை. அப்படியே இருந்தாலும் எனக்கு அதை எழுதாதே. பூசியது என் அப்பா என்று ஆதிமூலத்துக்கும் கருப்பனுக்கும் எழுது. தருமனை இருக்கச் சொல்லி அவன் பெயருக்கே தனியாக எழுது. இக்கடிதம் உன்னைச் சேரப் பன்னிரண்டு நாள், பதில் வரப் பன்னிரண்டு நாள். அதற்குள் மாதம் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

உன் கைத்தொழில் ஓங்குக. நீயும் சந்திரகலாவும் குழந்தையும் நோய்நொடியின்றி வாழ்க. நம் வீட்டில் அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும். தருமன் வீட்டிலும் அது எரிய வேண்டும். என் ஆசியால் அது நடவாது அப்பா, நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை
அப்பாதுரை