ஆட்சேபம் இல்லை

நோர்லி, மினசோட்டா
9 பிப்ரவரி 1993

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ராணுவ முகாமில் உன்னோடு இருக்கும் பெண்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜெர்மனியில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே இன்று காலை கார் கதவு உறைந்துபோய்த் திறக்கவே மாட்டேன் என்றது. பின்கதவு வழியாக ஏறி முன்சீட்டுக்குத் தவழ்ந்து போனேன், அறுபத்தாறு வயதில். ஆகவே குளிரைப் பற்றி என்னிடம் குறை சொல்லாதே.

அப்பா நலம். அதாவது, நலம் என்று அவர் சொல்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன அன்றும், "பரவால்ல, இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்ற மனிதர் அவர். இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அவர் நாள் முழுக்க அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவை மே மாதத்தோடு மூடப்போகிறார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மாநில அரசு உதவ ஒரு மசோதா வந்திருக்கிறது. அது நிறைவேறினால் மூட மாட்டார்கள். மார்ச் நான்காம் தேதி சட்டமன்றக் குழுவில் ஓட்டெடுப்பு. நம் தொகுதி உறுப்பினர் ஸ்டென்வால் அந்தக் குழுவில் இருக்கிறார். ஆதரிப்பாரா மாட்டாரா என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. பிரிவை மூடிவிட்டால், டயாலிசிஸ் இருக்கும் அடுத்த ஆஸ்பத்திரி நூற்றுப்பத்து மைல் தள்ளி. வாரம் மூன்று நாள், இந்தப் பனியில், புரை விழுந்த என் கண்களை வைத்துக்கொண்டு நான் ஓட்ட வேண்டும்.

அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் யூனிஸ்தான் எனக்கு வழி சொன்னாள். உறுப்பினர் அலுவலகத்தில் தொகுதிக்காரர்கள் போன் செய்தால் ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, வேண்டும் என்றவர்கள் இத்தனை, வேண்டாம் என்றவர்கள் இத்தனை என்று வாராவாரம் அவர் மேசையில் வைப்பார்களாம். அவ்வளவுதானே, ஊரையே பேசவைத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவளுக்கு இது பெரிய காரியமா என்ற திமிர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிக்குக் கூடியபோது, நம்பரை எழுதிய சீட்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஏதோ கடன் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டதுபோல முழித்தார்கள். பக்கத்துப் பண்ணை டுவேன், "அவரே பாவம், எத்தனை வேலையோ. நாம வேற போய் தொந்தரவு பண்ணணுமா, மார்லிஸ்?" என்றான். லவோன், அதுதான் என்னோடு நாற்பது வருஷமாகத் தையல் குழுவில் இருப்பவள், "ஆஸ்பத்திரி வேணும்னு அவருக்கே தெரியாதா? நாம சொல்லியா தெரியணும்?" என்றாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. காபிப் பாத்திரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். போன் செய்வதாக வாக்குக் கொடுக்காதவர்களுக்குக் காபி கிடையாது என்றேன். பாதிரியார்கூடக் காலிக் கோப்பையோடு நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நகரவில்லை.

பிரிட்டா, எல்லோரும் போன் செய்தார்கள்! இரண்டே வாரத்தில் ஐம்பத்திரண்டு பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணிக்கையைக் கேட்டு மகிழலாம் என்று அந்த அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். டெஸ் என்று ஒரு பெண் எடுத்தாள். டெக்ஸாஸிலிருந்து புதிதாக வந்தவளாம். தாளைப் புரட்டிவிட்டு, "நோர்லிலேர்ந்து ஐம்பத்திரண்டு போன், மேடம். மசோதா வேணும்னவங்க ஒன்பது பேர். மத்த நாற்பத்து மூணு பேரும் உறுப்பினரைப் பாராட்டினாங்க. ரொம்ப நல்ல ஊருங்க உங்க ஊர்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டுவேன் என்ன சொன்னான் என்று படிக்கச் சொன்னேன். சாலையில் பனி தள்ளும் வண்டிக்காக உறுப்பினருக்கு நன்றி சொல்லியிருக்கிறான். பிறகு ஐந்து நிமிஷம் வானிலை. கடைசியில், "ஆஸ்பத்திரி விஷயம்னு ஒண்ணு இருக்குது. அவசரம் ஒண்ணுமில்ல. அவருக்கு எது சரின்னு படுதோ அப்படியே செய்யட்டும்" என்று வைத்துவிட்டான். லவோன் அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம் என்று கண்டுபிடித்து வைத்தியம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. பாதிரியார் உறுப்பினருக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் ஒருவர் "உங்களுக்கு எது சரியோ செய்யுங்க" என்றால் வயிறு எரிந்து கத்துகிறார் என்று அர்த்தம். அது டெக்ஸாஸ்காரிக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் விழுந்ததை எழுதினாள். அவள்மேல் தப்பே இல்லை. மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு துண்டு கேக்கைக்கூட எடுக்கத் தெரியாத ஜனங்கள் நாம். நம்மை என்ன செய்வது, சொல்.

மறுபடி வீடு வீடாகப் போனேன். டுவேனை நம் சமையலறையிலேயே நிற்கவைத்து, கையில் மரக்கரண்டியைக் கொடுத்து, அதுதான் போன் என்று பயிற்சி கொடுத்தேன். "எனக்கு இந்த மசோதா வேணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். இதுவரை பதினேழு பேர் இரண்டாம் தடவை பேசியிருக்கிறார்கள். மற்றவர்கள், "ஒரு தடவை சொன்னதே போதாதா, மறுபடியும் போய் இம்சை பண்ணணுமா?" என்கிறார்கள். என்ன சொன்னார்களாம், அதைத்தான் கேட்கிறேன்!

இனி எழுதப்போவது எனக்கு எளிதாக இல்லை.

நேற்று டெஸ் தானாகவே போன் செய்தாள். திருத்திய பட்டியலைச் சரிபார்க்கும்போது நம் முகவரியில் இரண்டு பதிவு இருந்ததாம். ஒன்று என்னுடையது. இன்னொன்று அப்பாவுடையது. ஓரின் லின்ட்விக், ஜனவரி இருபத்தெட்டு. நான் சந்தைக்குப் போயிருந்த நாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் படித்தாள். "ஆட்சேபம் இல்லை. தன் ஒருவனுக்காக அந்தப் பிரிவை நடத்த வேண்டியதில்லை என்றார். வாழ்ந்தவரை நன்றாக வாழ்ந்ததாகச் சொன்னார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் போனுக்குக் கீழேயே உட்கார்ந்து விவசாயப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பத்திரிகையை மடிக்காமலே, "அவ்ளோ தூரம் உன்னைப் பனியில வண்டி ஓட்டவிட மாட்டேன், மார்லிஸ். மே மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். நீ இதையெல்லாம் பெருசா எடுத்துக்காதே" என்றார். டயாலிசிஸை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் சொல்கிறார். நாற்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. கத்தி முடித்ததும், "காபி போடட்டுமா?" என்று கேட்டார்.

ஊர் முழுக்கச் சுற்றி எல்லோரையும் பேசவைத்தேன். என் வீட்டு மனிதர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

உன் ஓட்டு இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறது. நீ எங்கே இருந்து பேசினாலும் உன் பேச்சு கணக்கில் சேரும் என்று டெஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம்பரைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். மார்ச் நான்குக்குள் பேசு. பெயரையும் ஊரையும் சொன்னதும் முதல் வாக்கியமாக, மசோதா வேண்டும் என்று சொல். நன்றி சொல்லாதே. வானிலை பேசாதே. அந்தப் பெண்ணின் ஜலதோஷம் குணமாகிவிட்டது, அதையும் கேட்க வேண்டாம்.

அதை வைத்ததும் வீட்டுக்குப் போன் செய். அப்பாதான் எடுப்பார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, நன்றாக இருக்கிறேன் என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவர் எனக்கு வேண்டும், நூற்றுப்பத்து மைல் ஓட்டியாவது வேண்டும் என்று நான் சொன்னால், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறார். நீ சொல், கண்ணே. எடுத்ததும் சொல்லிவிடு. அவர் மூன்று தடவை வேண்டாம் என்பார். நான்காவது தடவையும் சொல்.

உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
மார்லிஸ்