அப்பாவின் இடது கைக் கையெழுத்து

8.5.89 திங்கள்

காற்றே இல்லை. காலையிலேயே வேர்வை. கடையில் வெல்லப் பானைக்கு எறும்பு, வேறு பானைக்கு மாற்றினேன்.

தபாலில் வியாபாரிகள் சங்கத்துக் கவர், தலைவர் தேர்தலுக்கு. அருப்புக்கோட்டைக்குப் போய் ஓட்டுப் போட முடியாத வெளியூர் உறுப்பினர்களுக்குச் சீட்டு வீட்டுக்கே வரும். குறி போட்டு, உறை மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சங்கத்திலுள்ள பழைய கார்டோடு கையெழுத்து ஒத்துப்போனால்தான் உறையைப் பிரிப்பார்களாம்.

அப்பாவுக்குத் தீபாவளியிலிருந்து வலது கை வரவில்லை. வாதம்.

அம்மா, என்னைக் காட்டி: "செல்வியப் போடச் சொல்லுங்க. லோடு வந்தா அவதான ஒங்க கையெழுத்தப் போடுறா. லாரிக்காரன் ஒரு நா கேட்டிருக்கானா?"

அப்பா: "லோடு வேற, ஓட்டு வேற."

இடது கையால் அவரே போட்டார். கோழி கிளறினது மாதிரி இருந்தது.

தலைவருக்கு நிற்கிற தங்கமணி மாமா ஜெயித்தால், பாதியில் நின்ற பெண்களுக்குச் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வகுப்பு வைப்பாராம். நான் எட்டோடு நின்றவள். ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

11.5 வியாழன்

எதிலும் மனசு நிற்கவில்லை. பருப்பு நிறுத்தது தப்பு, மறுபடி நிறுத்தேன்.

கடைக்கு வந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது:

"வகுப்பாம்ல வகுப்பு. கல்யாணம் கட்டுற வயசுல பொம்பளப் பிள்ளைக்கு என்ன வகுப்பு?"

"ஏலே, நீ மொதல்ல ஒன் பேர எழுது பாப்போம்."

சிரிக்காமல் தராசைப் பார்த்தேன்.

15.5 திங்கள்

சங்கத்திலிருந்து கார்டு. கையெழுத்தில் சந்தேகம், ஞாயிறு நேரில் வரவும். அப்பா சாப்பிடவில்லை. நானும்.

21.5 ஞாயிறு

அப்பாவைப் பிடித்து ஏற்றி, இறக்கி, அருப்புக்கோட்டை. சங்கத்து ஹாலில் எல்லாம் ஆம்பிளைகள். தூண் பக்கம் நின்றுகொண்டேன்.

செயலாளர் உறையையும் பழைய கார்டையும் சேர்த்துப் பிடித்தார். "அண்ணாச்சி, இது ஒங்க கையெழுத்தா?"

"நாந்தானப்பா போட்டேன்."

"இதுக்கும் அதுக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லையே."

ஹாலில் சிரிப்பு.

"ஆளே வந்து ஒக்காந்திருக்கேன். என்னயத் தெரியாதா ஒனக்கு?"

"ஒங்களத் தெரியுது, கையெழுத்தத்தான் தெரியல. எதிர்த்து நிக்கிறவுக பாத்துக்கிட்டு இருக்காக. மூணு தரம் போட்டுக் காட்டுங்க."

போட்டார். மூன்றும் மூன்று விதம்.

"சரி, இப்பவே ஒரு சீட்டுக் குடு, பெட்டியில போடுறேன்."

"தபால்ல சீட்டு வாங்குனவுகளுக்குப் பெட்டி கெடையாது அண்ணாச்சி. சட்டம்."

உறை மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பிரிக்கவே இல்லை.

அடுத்த உறை காரியாபட்டி கந்தசாமி பெரியப்பாவுடையது. செயலாளர் தூக்கிக் காட்டினார். "இதுல்ல கையெழுத்து. அச்சு அசல்."

பெரியப்பா மாசியில் செத்துப்போனார். அம்மாவும் நானும் துட்டி கேட்கப் போய் வந்தோம். மகன் இன்னும் சங்கத்துக்குச் சாவை எழுதிக் கொடுக்கவில்லை போல. அவனும் என்னைப் போலத்தான், லோடு இறக்கி அப்பா கையெழுத்தில் கை பழகினவன். அந்த வீட்டு ஓட்டு தங்கமணி மாமாவுக்குத்தான். அதுவும் தெரியும்.

'அவர் இப்ப இல்லை' என்று சொல்ல வேண்டியது. தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்துவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன், பெரியப்பா செத்ததை ஏன் சொல்லவில்லை என்று.

"அவரு இருந்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பாரு தாயி."

கொஞ்சத் தூரம் போய், ஜன்னல் பக்கம் பார்த்தபடி: "நான் இருந்தும் போட முடியல."

22.5 திங்கள்

த. மாமா ஜெயித்துவிட்டாராம். கொஞ்ச ஓட்டில்தானாம். பஸ் கண்டக்டர் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் வாயில் சீனி போட்டுவிட்டாள். கேட்டது கிடைத்திருக்கிறது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

29.5 திங்கள்

அனல் காற்று. கடைத் தட்டியெல்லாம் புழுதி.

வகுப்புக்கு மனு. அப்பா கையெழுத்து வேண்டும். கொடுக்க வேண்டியது அதே செயலாளரிடம்.

அம்மா: "இதையாச்சும் நீயே போட்ரு. எதுக்கு வம்பு? ஒரே நிமிசம்."

உண்மைதான். ஒரே நிமிசம். அவரும் அச்சு அசல் என்பார்.

பேனாவை அப்பாவின் இடது கையில் வைத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். போட்டார். கோட்டைத் தாண்டி ஓரம் வரை ஓடிவிட்டது.

நாளை நான் மட்டும் போகிறேன். கேட்பார்கள். 'எங்க அப்பா போட்டதுதான், நான் பக்கத்துல இருந்து பாத்தேன்' என்று சொல்ல வேண்டும், ஆம்பிளைகள் அத்தனை பேர் முன்னால். கடையில் ஆள் இல்லாதபோது சொல்லிப் பார்த்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது.

இன்னொரு தரம்.