அவள் மாத்திரையை நிறுத்திய காரணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது, ஆனால் அந்த வார்த்தைக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு இடது காது சுத்தமாக அடைத்துவிட்டது, அவர் டிவி வைக்கிற சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் தனியாக டிவி போடுவதே இல்லை. என் முழங்கால் பழைய கதைதான். இவ்வளவையும் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதை ஆரம்பித்தாலே நீ "அப்புறம் பேசறேம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்கமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் பெண்டாட்டியைப் பற்றித்தான். லீவுக்கு வந்து போனதிலிருந்து நீ அவளோடு பேசுவது பேச்சே இல்லை. அப்பாவோடு கிரிக்கெட் பேசுகிறாய், என்னிடம் மருந்து சாப்பிட்டாயா என்கிறாய், கடைசியில் "அவ எப்படி இருக்கா" என்று யாரோ தெருக்காரரை விசாரிப்பது போல ஒரு கேள்வி. உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அத்தனை மாதம் காத்திருந்து வந்த புருஷனை விட்டுவிட்டு, அத்தைக்கு முழங்கால் வலி, ஒத்தடம் கொடுக்க ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவள் என் அறையில் வந்து படுத்துக்கொண்டாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தாய். கிளம்புகிற அன்று அவள் வாசல் வரை வந்து நின்றாள், நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறினாய். உன்னைப் பிடிக்காமல் அப்படிச் செய்தாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை ராசா. கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ வந்தபோது அவள் கை, முழங்கை, கழுத்தெல்லாம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று நினைத்துப் பார். சொரியாசிஸ் என்று ஒரு தோல்நோய் இருந்த அடையாளமே இல்லை. நீ பூரித்துப்போய் அரைக்கை சட்டை போடச் சொல்லி மொட்டைமாடியில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாய். அந்தத் தெளிவு, வாரத்தில் ஒரு நாள் அவள் போட்டுக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் மாத்திரை செய்த வேலை. அதைச் சாப்பிடுகிறவரை வயிற்றில் பிள்ளை தங்கக் கூடாது, தங்கினால் கலைந்துபோகலாம், இல்லையென்றால் பிறக்கிற பிள்ளைக்கு ஊனம் வரலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். நீயோ வந்த அன்றைக்கே, அடுத்த லீவுக்கு வரும்போது என் கையில் பிள்ளையைக் கொடுத்துவிடு என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு ஜாக்கிரதையாக இருப்போமே என்று அவள் பாதி சொன்னாளாம், நீ கோபித்துக்கொண்டாயாம். மீதிப் பாதியைச் சொல்ல வாய் வராமல்தான் அவள் என் அறைக்கு வந்து படுத்தாள். பெற்றவளுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, படிக்கிற உனக்கும் கூசும், கூசட்டும்.

நீ போன பிறகு அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அடுத்த தடவை நீ வருவதற்குள் உடம்பிலிருந்து மருந்து போய்விட வேண்டும் என்று அவளாகவே ஒரு கணக்கு. கொஞ்ச நாளில் தலையில் ஆரம்பித்தது, பிறகு முழங்கை, முதுகு, உள்ளங்கை. காலையில் அவள் படுத்து எழுந்த இடத்தைக் கையால் கூட்டினால் ஒரு பிடி செதில் வரும். முதுகுக்கு அவள் கை எட்டாது, களிம்பை நான்தான் தடவிவிடுகிறேன். அப்படி ஒரு நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னாள். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். "நல்லா இருந்தா குழந்தை கிடையாது அத்தை. குழந்தை வேணும்னா இப்படித்தான் இருக்கணும். இப்படி இருக்கிறவ பக்கத்துல அவர் எப்படி வருவாரு?" என்று கேட்டாள். விரலில் மிச்சமிருந்த களிம்பை அவள் தோளிலும் தடவிவிட்டேன்.

அவள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையிலும் நிலைமை சரியில்லை. பேன்ட் துணிப் பிரிவில் நிற்கிறாள், எல்லாம் கறுப்பும் கருநீலமும். துணியை விரித்துக் காட்டினால் மேலே வெள்ளையாக உதிர்கிறது. ஒரு வாடிக்கையாளர் அம்மாள் துணியைத் தொடாமலே எழுந்து போய்விட்டாளாம். முதலாளி திட்டவில்லை, நல்ல மனுஷன்தான், "கொஞ்ச நாளைக்கு உள்ளே குடோன்ல இரும்மா" என்று மட்டும் சொன்னார். இப்போது ஜன்னல் இல்லாத அந்த அறையில் தனியாக உட்கார்ந்து விலைச் சீட்டு ஒட்டுகிறாள். பேச ஆள் இல்லாததால் பகலெல்லாம் யோசனை, யோசிக்க யோசிக்க இன்னும் கூடுகிறது. மாடி வீட்டுக்காரி கொடியில் காய்கிற துணியைக் காட்டி அப்பாவிடம், "உங்க மருமகளுக்கு இருக்கே, அது ஒட்டுமா?" என்று கேட்டாள். அப்பா, "ரொட்டியா? காலையிலேயே தீர்ந்துபோச்சேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவருடைய வலது காது நன்றாகவே கேட்கும். இந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உன் அக்கா வந்திருந்தாள். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள், அதனால்தான் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டாள். "வர்ற குழந்தைக்கும் இதே வந்தா யாரும்மா பாக்கறது? தம்பி அங்க ஒண்டியாக் கிடந்து சாகறான், இவளை நம்பி எத்தனை வருஷம் உக்காந்திருப்பான்?" என்றாள். உள்ளே குளித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெளியே வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி டீ போட்டு நாத்தனார் முன்னால் வைத்தாள். உன் அக்கா அதைத் தொடவில்லை, ஏடு படிந்து ஆறிப்போயிற்று, நான்தான் எடுத்துக் குடித்தேன். அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சொல்கிறாள், "அவரை வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி எழுதிடுங்க அத்தை. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

மறுநாள் கடைக்கு லீவு போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோல் டாக்டரம்மா ரொம்பத்தான் கோபித்துக்கொண்டார். "குழந்தை வேணும்னு நினைச்சது தப்பில்லம்மா. சொல்லாம நிறுத்தினதுதான் தப்பு. கேட்டிருந்தா அதுக்கு ஏத்த மாதிரி மருந்தை மாத்தியிருப்பேனே" என்றார். மருந்து உடம்பை விட்டுப் போகச் சில மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் களிம்பும் லைட் சிகிச்சையும். ஒரு பெட்டிக்குள்ளே கண்ணை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், சுற்றிலும் விளக்கு எரியும், பிள்ளை உண்டானாலும் அதைத் தொடரலாமாம். பிறகு மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினார். மாதாமாதம் வர வேண்டியது இவளுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அங்கேதான் எனக்கே தெரிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயதுக்கு இருக்க வேண்டிய அளவு கருமுட்டை இல்லை என்றார்கள். இந்த நோய் இருக்கிற பெண்களில் சிலருக்குப் பிள்ளை உண்டாவது தாமதமாகிறது, அது நோயாலா, மருந்தாலா, கவலையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, நிறையப் பேர் நல்லபடியாகப் பெற்றும் இருக்கிறார்கள், உறுதி மட்டும் கொடுக்கமாட்டேன் என்றார். பிள்ளைக்கு வருமா என்று நான்தான் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இவள் கேட்டது ஒன்றே ஒன்று, "இன்னும் எவ்வளவு காலம் இருக்கு எனக்கு?" தள்ளிப்போடாதீங்க என்றார். உன்னையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார், முறைத்துக்கொள்ளாதே, எல்லாப் புருஷன்மாரையும் கேட்பதுதானாம்.

இப்போது கடைக்குப் போகுமுன் லைட்டுக்குப் போய் வருகிறாள். முதுகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, கை அப்படியேதான். பிள்ளை பிறக்குமா என்று எனக்குத் தெரியாது. பிறக்கும் என்று எழுதி உன்னை ஏமாற்றமாட்டேன். பேரப்பிள்ளை ஆசை எனக்கும் இருக்கிறது, ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் இருக்கிறது, அது என் பாடு. வேறு கல்யாணம் பற்றி அவள் சொன்னதை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், எழுதிவிட்டேன். அதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. நல்லதோ கெட்டதோ, அவளிடமே சொல். ஒன்றுமே சொல்லாமல் அவளை வைத்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள், உனக்கு என்றேன். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து நின்றாள். "முகத்துலயும் வந்திருக்குன்னு ஒரு வரி சேத்துடுங்க அத்தை. திடீர்னு வந்து பாத்து பயந்துடப் போறாரு" என்றாள். நெற்றியிலும் மூக்கோரத்திலும் இருக்கிறது. சேர்த்துவிட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல், மனதில் பாரமில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் விளக்கேற்றி உட்கார்கிற நாளை நான் கண்ணால் பார்க்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடை கிடையாது, அவள் நம்பருக்கே போன் பண்ணு. வீடியோ போடச் சொல்லாதே. குரல் போதும்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
அம்மா