லீவு இல்லாத ஸ்பேனர்

இன்று காலை அம்மா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். கத்தரிக்கோல், அரிவாள்மணை, அப்பாவின் திருப்புளிகள், என் சைக்கிள் சாமான் பெட்டி எல்லாம் ஆயுத பூஜைக்காகப் பழம்புடவை மேல் பரப்பிக் கிடந்தன. வெளியே துர்கா பந்தலில் நவமிக்கு வங்காளத்து டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சந்தனத்தோடு கிரீஸ் கலந்த வாசனை ஒன்று எழுந்தது. அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய்.

பெட்டியிலிருந்து உன் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் எடுத்து என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்தாள். போன வருடமும் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா தெரியாது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

பெஹாலாவைத் தாண்டி அந்த மேட்டைக் கண்டுபிடித்தது நீ. ஆற்றைத் தூர்வாரிய சேற்றை வருடக்கணக்காகக் கொட்டியதில் உண்டான மேடு. மேலே நாணல் முளைத்து, மழைநீர் அரித்த வாய்க்கால்களோடு, தூரத்திலிருந்து பார்த்தால் குன்று போலவே இருக்கும். கிழக்கு மாநிலங்களுக்கான மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பை இங்கே நடத்தலாம் என்று நீ சொன்னபோது நம் சைக்கிள் குழுவில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தோம். சைக்கிள் சங்கத்துக்கு நீ எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். “மலை இல்லாத குறையைச் சேறு தீர்த்து வைக்கும்” என்று நீ சொன்ன வரியை நாசூக்காக மாற்றப் பார்த்தேன். நீ விடவில்லை. அந்த வரிக்காகவே அனுமதி கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் ஒரு வருடத்துக்குத்தான். சரியாக நடந்தால் மறுபடியும் இங்கே, இல்லாவிட்டால் மலைப்பக்கம் போய்விடும்.

எட்டு மணி நேரம், மாற்றாள் கிடையாது, ஒருவரே ஓட்ட வேண்டும். அதிகச் சுற்று முடித்தவருக்கு வெற்றி. பதிவு செய்தவர்களில் பெண் நீ ஒருத்திதான். அதற்காக ஒரு வருடம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஏறிப் பழக இந்த ஊரில் மேடு ஏது? விடியற்காலையில் மாஜேர்ஹாட் பாலத்தில் ஏறி இறங்குவாய், மறுபடி ஏறுவாய், நாற்பது தடவை. பாலத்தடியில் டீ விற்றவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீதி கம்மல் எதையாவது தொலைத்துவிட்டாரா, நானும் வந்து தேடட்டுமா என்று கேட்டார். ஆமாம் தாதா, ஒரு மலையைத் தொலைத்துவிட்டேன் என்றாய்.

தேதி குறித்தவள் நான். மேட்டுக்குப் போகும் ஒற்றைச் சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடும். விஸ்வகர்மா பூஜை அன்று பட்டறைகளும் ஆலைகளும் மூடிக் கிடக்கும், லாரிகள் மாலை போட்டுக்கொண்டு நிற்கும், சாலை காலியாக இருக்கும். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பழுது பார்க்க ஹவுராவில் பட்டறை வைத்திருந்த, எல்லாருக்கும் அண்ணனான பொல்ட்டு-தாவை ஏற்பாடு செய்ததும் நான்தான். தன் ஆட்கள் நால்வரோடு கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

வந்தார். குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றியில் குங்குமத்தோடு, அவரும் ஆட்களுமாகச் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஒருவர் கையிலும் ஒரு திருப்புளி கூட இல்லை. கருவிகள் எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கருவிகள் விஸ்வகர்மாவின் காலடியில் இருக்கின்றன, இன்றைக்கு அவற்றை யார் தொடுவார்கள், பந்தயம் பார்க்கத்தானே அழைத்தாய் என்றார்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. வருடாவருடம் அந்தப் பூஜைப் பிரசாதத்தைத் தின்றவள். ஆனாலும் கருவிகளுக்கு ஓய்வு என்றால் என் மனதில் நவராத்திரிதான். இந்த நாள் எனக்கு வெறும் லாரி ஓடாத நாளாகவும் பட்டம் விடும் நாளாகவும் மட்டுமே இருந்திருக்கிறது. அப்போதும் தலைக்கு மேல் வானம் முழுக்கப் பட்டங்கள். பாதையில் விழும் மாஞ்சா நூலை அகற்றக் கழியோடு ஆள் நிறுத்த வேண்டும் என்பது வரை யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை.

சங்கத்திலிருந்து வந்திருந்த பார்வையாளர் கறாரானவர். பழுது பார்க்கும் ஆள் இல்லாமல் பந்தயத்தைத் தொடங்க விதியில் இடமில்லை, அரை மணி நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். துவக்கக் கோட்டில் இருபது பேர் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார்கள். நீயும் நின்றிருந்தாய்.

நீ வண்டியை விட்டு இறங்கியதை நான் பார்த்தேன். கைப்பிடியில் கட்டியிருந்த எண் அட்டையை அவிழ்த்தாய். உன் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொல்ட்டு-தா முன்னால் வந்து, வங்க மொழியில் அவரிடம் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்.

“நம்மாத்து ஆயுத பூஜைக்கு இன்னும் நாளிருக்குடி. என் ஸ்பேனருக்கு இன்னிக்கு லீவு கிடையாது.”

“நீ ஓட்ட வேண்டாமா?” என்றேன். கண்ணைத் துடைத்தபடி உன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன்.

“சீ, அழாதே. இந்தா, அட்டையை வெச்சுக்கோ. அடுத்த வருஷம் கட்டிக்கறேன்.”

பார்வையாளருக்குச் சந்தேகம். இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியுமா என்று பொல்ட்டு-தாவைக் கேட்டார். தெரியாததை நான் சொல்வேன், எனக்குக் கைக்குத்தான் இன்று தடை, வாய்க்கு இல்லை என்றார் அவர்.

எட்டு மணி நேரமும் நீ சேற்றில் மண்டியிட்டிருந்தாய். அவர் முக்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாயாலேயே செயின் கோத்தார். நீ ஒரு பிரேக் கம்பியைத் தவறாக இழுத்தபோது அவர் கை தானாக நீண்டது. சட்டென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நீ சிரித்த சிரிப்பில் சுற்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு ஒரு எண் தவறிப்போனது. “நீ எண்ணு, நான் முடுக்கறேன். ரெண்டு பேரும் தப்பு பண்ண முடியாது” என்று அங்கிருந்தே அதட்டினாய்.

நடுவில் ஒருவர் பெடல் கழன்று வந்தார். உன் கையில் வேறொரு வண்டி வேலை. நான் ஸ்பேனரை எடுத்து முடுக்க முடுக்க அது இன்னும் கழன்றது. “இடது பெடல் எப்பவும் எதிர்ப்பக்கம் திரும்பும், உன்னை மாதிரி” என்று பிடுங்கிக்கொண்டாய்.

ஒருவரும் பழுதினால் விலகவில்லை. பார்வையாளர் கிளம்பும்போது, அடுத்த வருடத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறியுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தோம்.

உன் அட்டையை ஒரு வருடம் என் புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வருடப் பாடு என் தேதியால் வீணானது என்று எத்தனையோ தடவை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ பேச்சை மாற்றுவாய். மறு வருடம் குளிர் காலத்தில், எந்தப் பூஜையும் இல்லாத ஒரு ஞாயிறன்று, அதே அட்டையை நானே உன் கைப்பிடியில் கட்டினேன். பொல்ட்டு-தா முழுப் பட்டறையையும் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தார். நீ ஒவ்வொரு சுற்று முடித்து வரும்போதும், தீதி எதையும் தொடக்கூடாது, இது என் முறை என்று ஓடிவந்து செயினுக்கு எண்ணெய் விட்டார். வேண்டியதற்கு மேலேயே விட்டார். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாய். மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் கோட்டைக் கடந்து, அப்படியே புல்லில் மல்லாந்து, எத்தனை சுற்று என்று கேட்டாய். சொன்னேன். “சரியா எண்ணினியா?” என்றாய். இரண்டு தடவை எண்ணியிருந்தேன்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது கூட, என் சாமான் பெட்டி இனி உன்னோடது, எண்ணெய் போட்டு வை, துருப்பிடிக்க விடாதே என்றுதான் சொன்னாய்.

பந்தயம் இன்னும் இங்கேதான் நடக்கிறது. இந்தக் குளிர் காலத்துக்கு ஒன்பது பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலை நேற்று தட்டச்சு செய்தேன். உன் எண்ணை யாருக்கும் தராமல் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீ திட்டுவாய் என்று வரிசைப்படி கொடுத்துவிட்டேன்.

பூஜை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஜேர்ஹாட் போனேன். நவமி என்பதால் கடைகளெல்லாம் அடைப்பு. பாலத்தடியில் ஒரு பெண் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள், பெடல் ஆடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கும் மிஸ்திரி யாராவது இருப்பார்களா தீதி என்று கேட்டாள். பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்து ஆயுத பூஜை நாளாயிற்றே, கருவியைத் தொடலாமா என்று தயங்கினாள்.

இதற்கு மட்டும் லீவு கிடையாது என்றேன்.

இடது பெடல். எதிர்ப்பக்கம் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அவள் ஏறிப் போனாள், பாலத்தின் உச்சி வரை எழுந்து நின்று மிதித்துக்கொண்டே.